வளவில் ஓர் ஏலம்

செட்டிநாட்டுப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளை என்ன செய்யலாம் என்று பேச்சு எழுந்தால் கல்யாணம், சினிமா ஷூட்டிங், ஹெரிடேஜ் ஹோட்டல் என்று மூன்று பதில்கள் வரிசையாக வரும். இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: சமகால ஓவியங்களை அங்கே வைத்து ஏலம் விடலாமே. யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் உறுத்துகிறது. "அந்தத் தூணுக்கும் அந்தத் தரைக்கும் நடுவில் வைத்தால் படம் தானாக விலை ஏறும்" என்கிறார்கள். ஏறாது. அந்த நம்பிக்கையில் இறங்குபவர்கள் செலவு செய்ய வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வாழைமரத் தோரணத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

இந்த எண்ணம் வேறொரு வகை ஏலத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. ஒரு வீட்டின் பொருள்களை அந்த வீட்டிலேயே வைத்து விற்கும்போது வீடு உண்மையாகவே விலையைத் தூக்கும். 1977 மே மாதம் இங்கிலாந்தின் மென்ட்மோர் டவர்ஸ் மாளிகையில் சதபீஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலம் இதற்குப் பேர்போன உதாரணம். வீட்டையும் பொருள்களையும் சேர்த்து 20 லட்சம் பவுண்டுக்குத் தருவதாக வீட்டுக்காரர்கள் சொன்னபோது பிரிட்டிஷ் அரசு தயங்கியது. ஏலத்தில் பொருள்கள் மட்டுமே 60 லட்சம் பவுண்டைத் தாண்டின. அதே ஏலத்தில் வேறொருவர் பெயரில் பட்டியலிடப்பட்டு 8,000 பவுண்டுக்குப் போன படம் பிறகு பிரெஞ்சு ஓவியர் ஃபிராகோனார் வரைந்தது என்று தெரியவந்து, லண்டன் நேஷனல் கேலரிக்குப் போய்ச் சேர்ந்தது. 2010இல் அதே நாட்டின் சாத்ஸ்வொர்த் மாளிகையின் பரண் சாமான்களை விற்றபோதும் கூட்டம் அலைமோதியது. பழைய கதவுப் பிடியைக்கூட வாங்கிப்போனவர்கள் அந்த வீட்டின் ஒரு துண்டை வாங்கினார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தேக்குத் தூணும் எனாமல் தூக்குச் சட்டியும் விலைபோவதற்கும் இதுவே காரணம். பொருளின் பூர்வீகம் அந்த வீடு.

நேற்று சென்னையிலிருந்து வேனில் வந்து இறங்கிய கேன்வாஸுக்கு அந்தப் பூர்வீகம் கிடையாது. அது விருந்தாளி. சாத்ஸ்வொர்த்காரர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். 2006 முதல் சதபீஸ் அங்கே நவீன சிற்பங்களைக் கொண்டுவந்தபோது தோட்டத்தில் வைத்தார்கள், ஏலம் விடாமல் கண்காட்சியாக நடத்தி விற்றார்கள். 2013 டிசம்பர் 19 அன்று மும்பை தாஜ் மஹால் பேலஸில் கிறிஸ்டீஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில் நவீன ஓவியர் வி.எஸ். கைதோண்டேயின் 1979ஆம் ஆண்டு ஓவியம் 23.7 கோடி ரூபாய்க்குப் போனது. 1903இல் திறந்த அந்தக் கட்டடமா அதற்குக் காரணம்? கைதோண்டே குறைவாக வரைந்தவர், 2001இல் இறந்துவிட்டார், நல்ல படம் சந்தைக்கு வருவதே அரிது. அதே படத்தை விமான நிலையத்து ஹோட்டலில் வைத்திருந்தாலும் அந்தக் கைகள் உயர்ந்திருக்கும்.

அப்படியானால் வீடு எதற்கு? பார்ப்பதற்கு. ஏலம் முழுதும் முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதற்கு முன்னால் மூன்று நாள் படங்கள் அங்கே இருக்கும். வாங்குகிறவர் அந்த மூன்று நாளில்தான் முடிவு செய்கிறார், அதில் வீட்டால் உதவவும் முடியும், கெடுக்கவும் முடியும். கீழே சொல்லும் ஏற்பாடெல்லாம் அதைச் சுற்றித்தான்.

பூட்டு எத்தனை, சாவி யாரிடம்

முதல் வேலை கையெழுத்து. வளவு என்பது நடு முற்றமும் தாழ்வாரமும் சேர்ந்த உள்கட்டு. அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, உரியது. பங்காளிகள் இருபது முப்பது பேர் சென்னை, கோலாலம்பூர், நியூஜெர்சி என்று பரவிக் கிடப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அண்ணன் "நான் சொன்னால் சரி" என்பார். சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் பொதுவிடத்தைப் பயன்படுத்த எல்லாப் பங்கிலிருந்தும் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு படத்தைக்கூட ஏற்காதீர்கள். ஏலத்துக்கு முந்தின நாள் ஒரு பங்கு அறைக்காரர் பூட்டோடு வந்து நின்றால் அண்ணனின் வாய்ச்சொல் காப்பாற்றாது. கேட்க வேண்டிய காலம் 11 நாள்: அமைக்க ஐந்து, பார்வைக்கு மூன்று, ஏலத்துக்கு ஒன்று, பிரிக்க இரண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம், முற்றம் திறந்த வீட்டில் தாள் ஓவியம் வைக்கவே கூடாது. தையில் பொங்கலும் கல்யாணமும் வீட்டை நிறைத்துவிடும். மாசிதான் வசதி, சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட ஊர் திரும்பும் அந்த வாரத்தை மட்டும் தவிர்த்துவிட்டு.

முன்னோருக்குப் படைப்பு நடக்கும் அறை எது என்று ஆச்சிகளிடம் கேட்டு, அந்த அறையையும் அதன் வாசலையும் திட்டப்படத்திலிருந்தே அழித்துவிடுங்கள். முகப்பில் உயரத்தில் சாய்த்து மாட்டியிருக்கும் முன்னோர் படங்களைக் கழற்றச் சொல்லும் ஏற்பாட்டாளர்கள் உண்டு. அவை அங்கேயே இருக்கட்டும். கண்மட்டத்துக்கு வெகு மேலே இருப்பதால் கீழே வைக்கும் எதற்கும் இடைஞ்சல் இல்லை.

வீட்டின் சொந்தப் பொருள்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் ஓவியத்தை விட்டுவிட்டு நாற்காலிக்கு விலை கேட்பார்கள். நூறு ஆண்டைக் கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 'விற்பனைக்கு அன்று' என்று ஒவ்வொன்றிலும் நூலால் கட்டிய சீட்டுத் தொங்க வேண்டும். பசை போட்டு ஒட்டாதீர்கள்.

ஆணி அடிக்கக் கூடாத சுவர்

செட்டிநாட்டுப் பூச்சில் பல அடுக்குகள் உண்டு. சுண்ணாம்பு, வெல்லம், கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்து அரைத்து, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. டிரில்லிங் மெஷினை வைத்த இடத்தில் ஓட்டை மட்டும் விழாது, அதிர்வில் மேல் அடுக்கு செங்கல்லிலிருந்து விட்டுக்கொள்ளும். ஒரு வருடம் கழித்துத் தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்கும். அந்தப் பூச்சை அதே நிறத்தில் ஒட்டுப்போடக்கூடிய கொத்தனார்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியிருக்கிறார்கள். ஆகவே ஒரு படமும் சுவரில் ஏறாது.

நிற்கும் பலகைகள்தான் வழி. 18 மில்லிமீட்டர் பிளைவுட், எட்டடிக்கு நாலடி, ஒன்று ஏறத்தாழ 32 கிலோ. தனியாக நிறுத்தினால் விழும். இந்த வீடுகளில் முகப்பு வாசலிலிருந்து பின்கட்டு வாசல்வரை ஒரே நேர்கோடு, இரண்டு கதவையும் திறந்துவிட்டால் காற்று சுரங்கத்துக்குள் பாய்வதுபோல் பாயும், பலகை பாயாகிவிடும். இரண்டிரண்டாக 'ட' வடிவத்தில் கோத்து, பின்காலில் 40 கிலோ மணல்மூட்டை வையுங்கள். மூட்டைக்கு இரட்டைப் பை வேண்டும். ஒற்றைப் பை கசிந்து ஒரு கைப்பிடி மணல் ஆத்தங்குடித் தரையில் சிதறினால் முந்நூறு பாதங்கள் அதன்மேல் நடந்து கீறிவிடும். 35 படங்களுக்கு 24 பலகை போதும், இரு முகத்தையும் பயன்படுத்தலாம்.

பலகைக்கு வெள்ளை அடிக்காதீர்கள். பளிச்சென்ற பிளாஸ்டிக் வெள்ளைக்குப் பக்கத்தில் நூறு வருடச் சுண்ணாம்புச் சுவர் அழுக்கு மஞ்சளாகத் தெரியும், பாவம். வெளிறிய சாம்பல் நிறம் இரண்டையும் சமாதானப்படுத்தும். சாயம் பூசி ஒரு வாரமாவது காய்ந்தபிறகே வீட்டுக்குள் வரட்டும், ஈரச் சாயத்தின் ஆவி தாளுக்கும் வார்னிஷுக்கும் ஆகாது. பலகையின் காலுக்கு அடியில் கம்பளித் துண்டு. தரையில் செலோடேப்பும் வேண்டாம், டபுள் டேப்பும் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாத சிமென்ட் கல், தேங்காயெண்ணெய் துடைத்துத் துடைத்து ஏறிய மினுக்கு அது. டேப்பை உரித்தால் மினுக்கும் கூடவே வரும், அந்தச் சதுரம் மட்டும் மங்கலாக வருடக்கணக்கில் நிற்கும். செருப்பைத் திண்ணையில் கழற்றுவது இங்கே மரியாதையும் தரைப் பாதுகாப்பும் ஆகிவிடுகிறது. 150 ஜோடிக்கு டோக்கன் போடுங்கள், ஏலம் முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள்.

பெரிய படங்களை ஒப்புக்கொள்ளும் முன் கதவுகளை அளக்க வேண்டும். முகப்புக் கதவு அகலமாக இருந்தாலும் வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டின் வாசல் நிலை தாழ்ந்திருக்கும். லாரிக்கு வசதியான பின்தெருவழியாக இறக்கினால் அந்தத் தாழ்ந்த நிலையைத்தான் முதலில் தாண்ட வேண்டும். கருங்கல், வெண்கலச் சிற்பம் முந்நூறு கிலோ இருந்தால் நாலடிச் சதுரத்துக்கு ஓர் அங்குலப் பலகை விரித்து அதன்மேல் வைத்தால் பாரம் பரவும். மாடிக்கு மட்டும் கூட்டத்தை ஏற்றாதீர்கள், உத்திரம் எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் சரி. வேனில் ஏசியில் வந்த பெட்டியை இறக்கியவுடன் பிரிக்கவும் கூடாது. மூடியபடியே ஒரு நாள், தரையிலிருந்து நான்கு அங்குலம் உயரத்தில் மனைமேல் கிடக்கட்டும். பெட்டிக்குள் இருக்கும் படம் வீட்டுச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மெதுவாகப் பழகும், கரையானும் அடியில் ஏறாது.

மூன்று மணி வெயில்

எல்லாவற்றையும் சரியாகச் செய்து, வெளிச்சத்தில் கோட்டைவிடுவது இங்கே சகஜம். முற்றத்தில் உச்சி வெயில், வெளிச்சத்தின் அளவான லக்ஸில், ஒரு லட்சத்தை நெருங்கும். தாழ்வாரத்தில் எண்ணெய் ஓவியத்துக்குக் கொடுக்கக்கூடியது 200, தாள் ஓவியத்துக்கு 50தான். முற்றத்தைக் கடந்து வருகிறவரின் கண்ணுக்கு முதல் ஐந்து நிமிடம் தாழ்வாரம் இருட்டறை. அவருக்குப் படம் மந்தமாகத் தெரிகிறது, அதற்குள் அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறார். ஏற்பாட்டாளர் பதறிப்போய் விளக்கின் வீரியத்தைக் கூட்டுகிறார். தாள் ஓவியம் அந்த மூன்று நாளில் வாங்கக்கூடியதைவிட மிக அதிக வெளிச்சத்தை வாங்கிவிடும்.

விளக்கைக் கூட்டுவதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும், அதாவது முற்றத்தைக் குறைக்க வேண்டும். கம்பிவலைக்கு மேலே கோடி வேட்டியைப் பந்தல்போல இரண்டு அடுக்காக விரித்தால் வெயில் பாலாகிக் கீழே வடியும். மழைக்குப் பயந்து தார்ப்பாய் போடுகிறவர்கள் நீலத் தார்ப்பாயைப் போட்டுவிட்டால் எல்லாப் படமும் நீலச் சாயல் ஏறிப் போகும். பார்வை நேரத்தையும் மாற்றுங்கள். காலை ஏழரை முதல் பத்தரை, மாலை நாலு முதல் ஏழு. நடுப்பகலில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, சாப்பாட்டுக்கு அனுப்பிவிடலாம். சாப்பாடு பின்வாசலுக்கு வெளியே. தாளிப்புப் புகையும் எண்ணெய்க் கையும் உள்ளே வரக் கூடாது.

கண்ணாடி போட்ட படங்களை முற்றத்தைப் பார்த்தபடி நிறுத்தினால் ஓவியத்தில் தூணும் வானமும்தான் தெரியும். அவற்றை முற்றத்துக்குக் குறுக்காகத் திருப்புங்கள். எல்.இ.டி. ஸ்பாட் விளக்கு வாங்கும்போது நிறத்தரம் (CRI) 95க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஒளியின் நிறம் 4000 கெல்வினுக்குக் குறைந்து மஞ்சளானால் மாலையில் பகல் வெளிச்சத்தோடு சண்டை போடும். அறுபது விளக்குக்கு 20 வாட் வீதம் 1,200 வாட்தான். இருந்தாலும் பழைய ஒயரிங்கில் சொருகாமல் தனி ஜெனரேட்டரிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும், சுற்றிலும் தேக்கு. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ. இருக்கும்படி மாட்டுவது கேலரி வழக்கம். இந்த வீட்டில் பாதிப் பேர் கல்திண்டில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள், 135 போதும். உட்கார்ந்தவர் எழ மாட்டார். அந்த இருபது நிமிடம்தான் இந்த வீட்டால் கிடைக்கும் லாபம், நகரத்து கேலரியில் அது கிடைக்காது.

ஒரு தரம், ரெண்டு தரம்

ஏலத்தை வளவிலேயே, படங்களுக்கு நடுவில் நடத்த வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். போட்டோவுக்கு அழகு. ஆனால் பெரிய தொகைகளில் ஒரு பெரும்பங்கு தொலைபேசியிலும் இணையத்திலும் வரும், அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தூணும் தெரியாது, தரையும் தெரியாது. அவருக்கு வேண்டியது தெளிவான குரல், அறுபடாத இணைப்பு. வளவு இந்த இரண்டுக்கும் எதிரி. நாலாப் பக்கமும் கல்லும் பளபளத்த சுவரும் சேர்ந்து சொன்ன சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லும், கனத்த சுவர் செல்போன் சிக்னலை விழுங்கும். பார்வை முடிந்த அன்று இரவே பலகைகளை இரண்டாங்கட்டுக்கு நகர்த்திவிட்டு, முகப்பை ஒட்டிய கூடத்தில் ஏலத்தை வையுங்கள். தரைக்குப் பவானி ஜமுக்காளம் விரித்தால் எதிரொலி பாதி அடங்கும். இரண்டு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில் ஆறு சின்ன ஸ்பீக்கர், ஒவ்வொன்றிலும் சத்தம் குறைவாக. தொலைபேசி மேசை திண்ணையை ஒட்டி, ஒயர் லைனில், எட்டுப் பேர். இணையத்துக்கு வெவ்வேறு கம்பெனியின் இரண்டு இணைப்பு.

இந்த ஒன்றேகால் மணி நேரத்தில் வீட்டுக்கு வேலையே இல்லை. எல்லாம் ஏலம் விடுபவரின் மேசையில் உள்ள புத்தகத்தில் இருக்கிறது. படிகள் வழக்கமாகப் பத்து சதவீதத்தை ஒட்டிப் போகும்: 2,00,000, 2,20,000, 2,50,000, 2,80,000, 3,00,000. ஒரு படத்தின் ரிசர்வ், அதாவது விற்பவர் இதற்குக் கீழே தர மாட்டேன் என்று ரகசியமாகச் சொன்ன விலை, 2,80,000 என்று வைத்துக்கொள்வோம். கூடத்தில் கேட்பவர் ஒருவர்தான். விற்பவர் சார்பில் ஏலம் விடுபவர் மாற்றி மாற்றிக் கேட்கலாம், ரிசர்வுக்குக் கீழே உள்ள படிவரைதான். அவர் 2,00,000இல் தொடங்கினால் கூடத்தவர் 2,20,000, விற்பவருக்காக 2,50,000, கூடத்தவர் 2,80,000. ரிசர்வ் எட்டியாயிற்று, படம் விற்றது. அதையே 2,20,000இல் தொடங்கியிருந்தால் கூடத்தவர் 2,50,000இல் நிற்பார். அடுத்த படியான 2,80,000ஐ விற்பவருக்காகக் கேட்க முடியாது. கேட்டவரே தன்மேல் தானே ஏற்றிக் கேட்டால் உண்டு, இல்லையென்றால் வாங்க ஆள் இருந்தும் படம் திரும்புகிறது. ஆகவே ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு படத்துக்கும், ரிசர்விலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்தப் படியில் வாய் திறப்பது என்று முன்னிரவே பென்சிலால் குறித்து வைக்க வேண்டும். ஊர்க் கோவில் ஏலத்தில் இந்தக் கணக்கு தேவைப்படாது, அங்கே ரிசர்வ் கிடையாது.

விற்பவர் சார்பில் கேட்கும் உரிமை இருக்கிறது என்று விதிகளில் முன்கூட்டியே அச்சிட்டிருக்க வேண்டும். 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு இதில் கறார். சொல்லாமல் கேட்டால் வாங்கியவர் அதை மோசடி என்று கொள்ளலாம். அதே பிரிவுப்படி சுத்தியல் விழும்வரை, அல்லது 'மூணு தரம்' சொல்லும்வரை, கேட்டவர் தான் கேட்டதிலிருந்து பின்வாங்கலாம். ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவில் நாடகத்துக்காக நீட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சமகாலக் கலையில் ரிசர்வைத் தாழ்வாக வைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம், ஓவியர் உயிரோடு இருக்கிறார். ஒருவேளை கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். சென்னைச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்து மூத்த தலைமுறையில் ஒருவரின் படம் விலைபோகவில்லை என்றால் அந்தப் படத்துக்கு மட்டும் நஷ்டம். நாற்பது வயது ஓவியரின் படம் எல்லார் முன்னாலும் திரும்பினால் அவருடைய கேலரி விலை மொத்தமும் ஆட்டம் காணும், அந்தப் படத்தைச் சில ஆண்டுகள் சந்தைக்கே கொண்டுவர முடியாது. பட்டியலில் அச்சிடும் மதிப்பீட்டின் கீழ்விலையை கேலரி விலையைவிடக் குறைவாக வைத்து, ரிசர்வை அதற்கும் கீழே முக்கால்வாசியில் வைப்பது அவரைக் காப்பாற்றும். அறுபது லாட் வைத்துப் பதினைந்து திரும்புவதைவிட 35 வைத்து மூன்று திரும்புவது மேல்.

பணம்

சுத்தியல் விலை 3,00,000 என்றால் வாங்குகிறவர் அதைமட்டும் கொடுக்க மாட்டார். வாங்குபவர் கமிஷன் 20 சதவீதம் 60,000. அந்தக் கமிஷனுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 10,800. விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால் ஓவியத்துக்கும் வரி உண்டு. 2025 செப்டம்பர் 21 வரை 12ஆக இருந்தது இப்போது 5 சதவீதம், அதாவது 15,000. மொத்தம் 3,85,800. இந்தக் கணக்கைப் பதிவுப் படிவத்திலேயே ஓர் உதாரணமாக அச்சிட்டால் மறுநாள் சண்டை இருக்காது. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. ஊரில் நகைக்கும் நிலத்துக்கும் ரொக்கத்தோடு வந்து பழகியவர்களுக்கு இதை ஏலம் கேட்பதற்கான எண் அட்டை கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் 53ஏ பிரிவு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது, 10,000 ரூபாய்க்கு மேல் போனால் பத்து சதவீதத்துக்கு மிகாத பங்கு. நடைமுறையில் தூங்கிக்கொண்டிருக்கும் பிரிவு. விற்பவர் ஓவியரே இல்லாத லாட்டுகளில் ஏலம் நடத்துபவர் தன் கமிஷனிலிருந்து ஒரு சிறு பங்கைத் தானாகவே கொடுத்தால் யாரும் தடுக்கப்போவதில்லை.

இன்ஷூரன்ஸ் இரண்டு வேண்டும். படத்துக்கு, அது ஓவியரின் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து வாங்கியவர் கையில் சேரும்வரை ஒன்று. கட்டடத்துக்கும் வருகிறவர்களுக்கும் மற்றொன்று. முதலாவதை எல்லாரும் எடுக்கிறார்கள்.

கடைசியாக வீட்டு வாடகை. "விற்ற தொகையில் இரண்டு சதவீதம்" என்று பங்காளிகளில் யாராவது ஆரம்பிப்பார்கள், வீடுதான் விலையை ஏற்றுகிறது என்று அவர்களிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கும் அது நல்லதில்லை, மூன்று பெரிய படம் திரும்பினால் அவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. நாள் வாடகை, 11 நாளுக்கும், முன்பணமாக. அதற்கு மேல் தனியாகக் கூரை ஓடு பிரித்து மாற்றுவதற்கு ஒரு தொகை, சம்மதக் கடிதத்திலேயே எழுதி. உள்ளே போகும் முன் தரையைக் கல் கல்லாகவும் தூணைத் தூண் தூணாகவும் தேதியோடு படம் எடுத்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பிரிக்கும் நாளில் அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் நீங்களும் சேர்ந்து நடக்க வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே.